வலிக்காத வீக்கம்: மதுரைப் பாதம்

காலில் முள் குத்தினால் வலிக்கும். சீழ் பிடித்தால் தெறிக்கும். வலித்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. யாரையாவது தேடிப் போய்விடுவார்கள். இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகும் நோயில் அந்த வலிதான் இல்லை. பாதத்தில் கெட்டியாக ஒரு கட்டி எழும்புகிறது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகிறது. காய்ச்சல் இல்லை, நடை கெடவில்லை, வேலை நிற்கவில்லை. "வலியே இல்லீங்கய்யா, அதான் அப்படியே விட்டுட்டேன்" என்று ஒருவர் புறநோயாளர் பிரிவில் வந்து உட்காரும்போது வருஷங்கள் ஓடியிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் பாதத்து எலும்புகள் அரித்துப்போயிருக்கும்.

இதன் மருத்துவப் பெயர் மைசெடோமா. 1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதினார். 1846-இல் அதே ஊரில் இருந்த கோல்புரூக் இதை 'மதுரைப் பாதம்' என்று குறிப்பிட, உலகமெங்கும் அந்தப் பெயரே நிலைத்தது. இது பூஞ்சையால் வரும் நோய் என்று 1860-இல் எடுத்துச் சொன்னவர் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரேதான். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதால் மதுரைக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம். சூடான், செனகல், சோமாலியா, ஏமன், மெக்சிகோ, நம் ராஜஸ்தான் என்று வெயிலும் முள்மரமும் உள்ள நிலமெங்கும் இது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

முதலிலேயே மனதில் நிறுத்த வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இந்த வீக்கத்துக்குக் காரணம் இரண்டு வகைக் கிருமிகள். ஒன்று, மண்ணில் வாழும் பூஞ்சை. மற்றொன்று, பூஞ்சை போலவே இழை இழையாக வளரும் பாக்டீரியா. அதுவும் மண்ணில் வாழ்வதுதான். 1913-இல் பினாய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் பாக்டீரியா வகையே அதிகம். ராஜஸ்தானில் பூஞ்சை வகை அதிகம். பூஞ்சைக்குக் கொடுக்கும் மாத்திரை பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குப் போடும் ஊசி பூஞ்சையைத் தொடாது. எனவே எந்த வகை என்று தெரியாமல் சிகிச்சை தொடங்கினால் பணமும் போகும், காலமும் போகும், காலும் போகும்.

முள் வழியாக

இரண்டு கிருமிகளுமே மண்ணிலும் காய்ந்த செடிகொடியிலும் இருப்பவை. ஆரோக்கியமான தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் சக்தி இவற்றுக்குக் கிடையாது. ஒரு கீறல் வேண்டும். கருவேல முள், சீமைக்கருவேல முள், உடைமுள், கூரான கல், அறுத்த சோளத் தட்டையின் அடிக்கட்டை என்று எதுவாகவும் இருக்கலாம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர், ஆடு மாடு மேய்ப்பவர், விறகு வெட்டுபவர், செங்கல் சூளையில் மண் மிதிப்பவர் ஆகியோருக்கே பெரும்பாலும் வருகிறது. வயது 20 முதல் 40 வரை, அதாவது குடும்பத்தில் உழைக்கும் வயது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பாதத்தில்தான் வரும். கையில் வருவதும் உண்டு. விறகுக் கட்டை முதுகிலும் தோளிலும் சுமப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே வரும். மெக்சிகோவில் முதுகில் வருவது அரிதல்ல. தலைச்சுமை தூக்குபவர்களுக்குத் தலைத்தோலிலும் பார்க்கலாம்.

முள் குத்திய அன்றே எதுவும் தெரியாது. கட்டி எழும்ப மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். அதனால் "எப்போது முள் குத்தியது?" என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. மேய்ச்சல்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே வீண். வாரத்துக்கு நாலு முள் வாங்குகிறவர் எந்த முள்ளை நினைவில் வைத்துக்கொள்வார்? நினைவில்லை என்பதால் மைசெடோமா இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இது தொற்றுநோய் அல்ல. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே செருப்பைப் போட்டாலும், புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாலும் அடுத்தவருக்கு வராது. சீழ் வடியும் காலோடு இருப்பவரைத் திண்ணையில் தனியே உட்காரவைத்து, தட்டும் டம்ளரும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதற்கு ஒரு காரணமும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவது

முதலில் தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு முண்டு. அழுத்தினால் கெட்டியாக இருக்கும், வலிக்காது. அது பரவிப் பாதத்தின் மேற்புறம் உப்புகிறது. மேலே உள்ள தோல் கறுத்து, இழுத்துப் பிடித்ததுபோல் மினுமினுக்கிறது. அந்த இடம் மட்டும் அதிகமாக வியர்ப்பதும் உண்டு. நாளாக ஆக உள்ளங்காலின் குழிவு நிரம்பி, பாதத்தின் அடி தட்டையாகிவிடுகிறது. விரல்கள் தரையைத் தொடாமல் மேலே தூக்கி நிற்கும்.

அதற்கப்புறம் புரைகள். தோலில் சிறு சிறு கண்கள் திறந்து, கொழகொழவென்று சலமோ ரத்தம் கலந்த நீரோ கசியும். சில வாரத்தில் ஒரு கண் மூடிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பழைய கண் மூடியதைப் பார்த்து "ஆறிவிட்டது" என்று நினைத்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். உள்ளே புரைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகின்றன. தசையைத் தின்று எலும்பை எட்டும்போதும் நரம்பும் தசைநாரும் கடைசிவரை தப்பித்து நிற்பதால்தான் வலி இல்லை. வலி வந்துவிட்டது என்றால் அந்தப் புண்ணில் வேறு கிருமி சேர்ந்திருக்கிறது, அல்லது எலும்பு வெகுவாகக் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அப்போது தடவிப் பார்க்க வேண்டும்.

பாக்டீரியா வகை வேகமாகப் பரவும். எலும்பையும் சீக்கிரம் பிடிக்கும். பூஞ்சை வகை மெதுவானது, ஒரு உறைக்குள் அடங்கினதுபோல வளரும். ஆனால் வேகத்தை மட்டும் வைத்து வகை சொல்லத் துணியாதீர்கள்.

குருணை

இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் புரையிலிருந்து வரும் குருணைதான். சலத்தோடு சின்னச் சின்ன மணிகளாக வெளியே வரும். ஒவ்வொரு மணியும் கிருமிகளே இறுகித் திரண்ட கட்டி. வேறு எந்தக் கால் புண்ணிலும் இப்படிக் குருணை விழுவது மிக அபூர்வம்.

பார்க்கும் முறை எளிது. புரையின் கண்ணைச் சுற்றி சலைன் நீரால் துடைத்துவிட்டு, சுத்தமான காஸ் துணியை மேலே வைத்து லேசாகக் கட்டிவிட வேண்டும். மருந்து, பவுடர், ஆயின்மென்ட் எதுவும் தடவக் கூடாது. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் துணியைப் பிரித்து ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள். சலம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். அதற்கு நடுவில் துணியின் இழைகளுக்கிடையே குருணை சிக்கியிருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஊசிமுனையால் ஒன்றை நகர்த்திப் பார்த்தால் காய்ந்த சீழ் பிசுபிசுத்து நசுங்கும். கறுப்புக் குருணை நசுங்காமல் உருளும்.

நிறம் பேசும். கறுப்பு என்றால் பூஞ்சை. மதுரெல்லா மைசெடோமேட்டிஸ் என்ற பூஞ்சையின் குருணை கறுத்துக் கெட்டியாக, சில சமயம் 1 மில்லிமீட்டருக்கும் மேல் பெரிதாகவே வரும். சிவப்பு என்றால் பாக்டீரியா. மஞ்சள் என்றாலும் பெரும்பாலும் பாக்டீரியாதான். வெள்ளை, வெளிர்மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்; இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழ்நாட்டில் வெள்ளைக் குருணையே நிறைய வருகிறது. நொகார்டியா என்ற பாக்டீரியாவின் குருணை கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாக இருக்கும். ஆக, கறுப்பும் சிவப்பும் ஓரளவு தைரியம் கொடுக்கும் நிறங்கள். வெள்ளைக்கு ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும். நிறம் பார்த்துவிட்டோம் என்று மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

கிடைத்த குருணையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சுத்தமான சிறு பாட்டிலில் கொஞ்சம் சலைன் ஊற்றி, துணியோடு அதில் போட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஸ்பிரிட்டிலோ ஃபார்மலினிலோ போட்டால் கிருமி செத்துப்போகும்; வளர்த்துப் பார்க்க முடியாது. குருணையோடு வருகிற நோயாளிக்கு ஆய்வக வேலை பாதி முடிந்தமாதிரி.

வேறு எதுவாக இருக்கலாம்

ஊரில் பாதம் வீங்கினால் முதலில் வாயில் வருவது யானைக்கால். யானைக்காலில் அடிக்கடி குளிர்காய்ச்சலும் நெறிகட்டும் வந்து போகும். வீக்கம் கணுக்காலுக்கு மேலும் ஏறும். புரையும் குருணையும் இருக்காது. மைசெடோமா பெரும்பாலும் பாதத்தோடு நிற்கும். யானைக்கால் என்று சீட்டு எழுதிக்கொண்டு வருஷக்கணக்கில் டிஇசி மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு.

சர்க்கரைக்காரரின் கால் புண், உடம்பின் பாரம் விழும் இடத்தில், கட்டைவிரலின் அடியிலோ குதிகாலிலோ, ஒரே பள்ளமாக வரும், நாறும், சீக்கிரம் பரவும். தொழுநோயாலும் அதே இடத்தில் உணர்ச்சியற்ற புண் வரலாம். கால் ஆணியை மிதித்தால் வலிக்கும். சேற்றுப்புண் விரலிடுக்கோடு சரி. எலும்புக் காசநோயிலும் புரை திறக்கும். இதுதான் உண்மையிலேயே குழப்பும். சதை எடுத்துப் பரிசோதிக்காமல் காசநோய் மருந்தை 6 மாதம் கொடுத்துப் பார்ப்பதும் நடக்கிறது. அந்த 6 மாதத்தில் பூஞ்சை ஒன்றும் சும்மா இருப்பதில்லை. புற்றுக்கட்டியும் வலிக்காமல் வளரும் என்பதால், புரை இன்னும் திறக்காத கட்டியாக இருந்தாலும் மருத்துவர் கையில் ஒப்படைப்பதே சரி.

செய்யக் கூடாதவை

பிளேடால் கீறிவிடுவது எல்லாவற்றிலும் கெட்டது. வலிக்காத கட்டிதானே, கீறிச் சலத்தை வெளியேற்றிவிடலாம் என்று கம்பவுண்டர் முதல் ஊர் வைத்தியர் வரை கையில் பிளேடை எடுக்கிறார்கள். உள்ளே ஒரே பையாகச் சீழ் இருந்தால் கீறினால் வடியும். இங்கே இருப்பதோ கிளை கிளையாகப் பிரிந்த புரைகள். கீறியதும் புதுவழி திறக்கிறது, வேறு கிருமி நுழைகிறது, வடு இறுகிப் பின்னால் அறுவைசிகிச்சை செய்பவருக்குத் தொல்லை. எருக்கம்பால், சுண்ணாம்பு, சூடு வைப்பது இவையெல்லாம் மேல்தோலைத்தான் வேகவைக்கும். கிருமி இருப்பது ஆழத்தில். மஞ்சள் பத்தால் தீங்கில்லை, ஆனால் பத்து போட்டுக்கொண்டு காத்திருக்கும் நாட்கள்தான் தீங்கு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 5 நாள் ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. கூடச் சேர்ந்த சீழ் கொஞ்சம் குறையும், கால் லேசாக வற்றியதுபோல் இருக்கும். ஆனால் ஆய்வகத்தில் கிருமி வளராமல் போய்ப் பரிசோதனையும் கெடும். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது.

மருத்துவமனையில்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். பழைய எக்ஸ்ரே, தின்ற மாத்திரைகளின் அட்டை, காப்பீட்டு அட்டை, குருணை பாட்டில் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அங்கே குருணையை நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தடித்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மிக மெல்லிய இழைகள் தெரிந்தால் பாக்டீரியா. இந்த ஒரு பரிசோதனை ஒரு மணி நேர வேலை. சிகிச்சையின் திசையையே தீர்மானிப்பது இதுதான். வெளியே விழும் குருணை செத்ததாகவோ வேறு கிருமி கலந்ததாகவோ இருக்கலாம் என்பதால், ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். "சதை எடுத்தால் பரவிவிடும்" என்று பயந்து கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தத் துணுக்கில் ஒரு பாதி நோய்க்குறியியல் பிரிவுக்கும், மறுபாதி கிருமி வளர்த்துப் பார்க்கவும் போகும். பூஞ்சை வளர 4 முதல் 6 வாரம் ஆகும். பொறுக்க வேண்டியதுதான்.

எக்ஸ்ரே எலும்பின் நிலையைச் சொல்லும். பூஞ்சை எலும்பில் சில பெரிய குழிகளைத் தோண்டும். பாக்டீரியா பல பொடிக் குழிகளாக அரிக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சிறு வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளியுமாகத் தெரியும். அந்தப் புள்ளிதான் குருணை. வசதியில்லாத இடத்தில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் போதும்.

வீட்டுக்குக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஐயா, இது பூஞ்சையா, பாக்டீரியாவா?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த ஒரு வரி கூடவே இருக்க வேண்டும்.

மருந்தோடு நாள் கழிப்பது

பாக்டீரியா வகைக்குச் செய்தி நல்லது: மருந்தாலேயே பெரும்பாலும் குணமாகும். மெக்சிகோவின் மான்டெரே நகரத்து மருத்துவர் ஒலிவேரியோ வெல்ஷ் வகுத்த முறையில் அமிகாசின் ஊசி 3 வாரம் போட்டு, இடைவெளி விட்டு மறுபடி போடுவார்கள். கூடவே கோட்ரைமாக்சசோல் மாத்திரை. டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட இரண்டு கட்ட முறையும் நம் நாட்டில் பரவலாகக் கையாளப்படுகிறது: முதலில் சில வாரம் ஊசியோடு தீவிர சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ஊசி நாட்களில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பதும் காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் அவசியம். காதில் இரைச்சல் கேட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். கோட்ரைமாக்சசோல் சாப்பிடும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, தோல் கொப்புளம் இதில் எது வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த மாத்திரையில் உள்ள சல்ஃபாவால் வரும் ஒவ்வாமை உயிருக்கே வினையாகலாம்.

பூஞ்சை வகை பொறுமையைச் சோதிக்கும். இட்ராகோனசோல் பெரும்பாலும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். 6 மாதத்துக்குக் குறைந்து முடியாது, ஒரு வருஷமும் தாண்டலாம். இந்த மாத்திரையைத் தின்னும் விதத்தில்தான் பாதி வெற்றி. கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த கையோடோ விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். நம்மில் பாதிப் பேர் 'கேஸ் மாத்திரை' என்று ஒமிப்ரசோலும் பான்டோப்ரசோலும் தினமும் காலையில் போட்டுக்கொள்கிறோம்; அதோடு சேர்த்தால் இட்ராகோனசோல் வீணாகிவிடும். கொழுப்புக்கான சில மாத்திரைகள், ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின், வலிப்பு மாத்திரைகள் இவற்றோடும் மோதும். ஆகவே வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இதயம் பலவீனமானவருக்கும் கர்ப்பிணிக்கும் இந்த மருந்து கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளானாலோ, கால் இரண்டும் வீங்கி மூச்சு வாங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். ஈரல் பரிசோதனையைத் தவணை தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கீட்டோகோனசோல் மாத்திரையை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். ஈரலைக் கெடுப்பதால் 2013-இலேயே ஐரோப்பிய மருந்து முகமை அதன் மாத்திரை வடிவத்தைப் பூஞ்சை நோய்களுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

வாரம் ஒருமுறை மட்டும் விழுங்கும் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற மருந்தைச் சூடானில், கார்ட்டூம் நகரின் மைசெடோமா ஆய்வு மையத்தில் 2017 முதல் சோதித்தார்கள். தினமும் விழுங்கும் இட்ராகோனசோலுக்கு ஈடாக அது வேலை செய்தது. 1991-இல் தொடங்கி இந்நோய்க்கென்றே இயங்கிவந்த அந்த மையம் 2023-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் சிக்கிச் சிதைந்தது. ஏழைக்கு வரும் நோய்க்கான மருந்தைச் சோதித்துப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஏழை நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிடம் இடிந்தால் யாருக்கும் செய்தியாவதில்லை.

வகை எதுவானாலும், புரை மூடியவுடன் மருந்தை நிறுத்தாதீர்கள். வீக்கம் வற்றும், சலம் நிற்கும், கால் பழைய செருப்பில் நுழையும்; அப்போதுதான் "எதற்கு இன்னும் இவ்வளவு செலவு" என்ற நினைப்பு வரும். மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் செல்போனில் காலைப் படம் எடுத்து, பாதத்தின் நடுப்பகுதிச் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். மருத்துவர் கண்ணாலும் கையாலும் கணிப்பதைவிட அந்த எண்கள் தெளிவாகப் பேசும். அளவு 2 மாதம் தொடர்ந்து ஏறினால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கத்தி எப்போது

பாக்டீரியா வகையில் கத்திக்கு வேலை குறைவு. பூஞ்சை வகையில் சிறிய கட்டியாக இருக்கும்போதே முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது. பெரிய கட்டியானால் முதலில் 6 மாதம் மாத்திரை கொடுத்து, கட்டி இறுகி உறைக்குள் அடங்கிய பிறகு வெட்டுவார்கள், பிறகும் மாத்திரை தொடரும். மாத்திரை இல்லாமல் வெட்டினால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். ஓரத்தில் ஒரு குருணை தங்கினாலே போதும்.

காலை எடுக்க வேண்டிய நிலை இன்றும் வருகிறது. மருந்தும் கேட்காமல், எலும்பெல்லாம் கரைந்து, ஓயாமல் சீழ் பிடிக்கும் காலை வைத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பதைவிட, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்புவது மேல் என்பது என் கருத்து. ஆனால் வகை கண்டுபிடிக்காமல், சரியான மருந்தை உரிய காலம் கொடுத்துப் பார்க்காமல் யாராவது "காலை எடுத்துவிடலாம்" என்று சொன்னால் இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

முள்ளும் செருப்பும்

செருப்புப் போடுங்கள் என்று எழுதுவது எளிது. நடவு வயலின் சேற்றில் எந்தச் செருப்பு நிற்கும்? ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் ஒரே மிதியில் துளைத்துக்கொண்டு வரும். ஆடு மேய்க்கும் கீதாரிகள் போடும் டயர் செருப்பு இந்த விஷயத்தில் கடைச் செருப்பைவிட எவ்வளவோ மேல். விறகு வெட்டவும் வேலி அடைக்கவும் போகும்போதாவது மூடிய காலணி போடுங்கள். வெட்டிய முள்ளை நடைபாதையிலும் ஆட்டுப்பட்டியின் வாசலிலும் போட்டு வைக்காதீர்கள். பட்டியைச் சுற்றிய முள் அடைப்புக்குள் வெறுங்காலோடு சாணி அள்ளுவதைத் தவிர்க்கலாம்.

முள் குத்திவிட்டால் முனை உள்ளேயே ஒடிந்து நிற்காமல் முழுதாக எடுக்க வேண்டும். முள்வாங்கியையோ ஊக்கையோ கொதிநீரில் போட்டு எடுத்துப் பயன்படுத்துங்கள். எடுத்த பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். மண்ணோ சாணியோ வைத்து அடைக்க வேண்டாம். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மைசெடோமாவுக்குத் தடுப்பூசி இல்லை, ரணஜன்னிக்கு உண்டு. அந்த இடத்தில் பிறகு முண்டு எழும்பினால் வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கிராமத்தில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகிற வீட்டில், வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர் இருந்தால் அவரை உட்காரவைத்து இரண்டு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். அவராகக் காட்ட மாட்டார், அவருக்குத்தான் வலிக்கவில்லையே.